மனுவில் கையெழுத்துப் போடலாமா?

தம்பி, கலிபோர்னியா வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, மளிகைக்கடை வாசலில் அட்டையோடு நின்றவர் நகர மன்ற உறுப்பினரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் மனுவில் கையெழுத்துக் கேட்டார், போடலாமா, இதையெல்லாம் யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடாதீர்கள். இப்போது ஹெச்1பி வேலை விசாவில் மட்டுமில்லை, நாளைக்கு கிரீன் கார்டு வந்தாலும் கூடாது. குடியுரிமை வாங்கி, வாக்காளராகப் பதிந்து, அந்த உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பகுதிக்குள் குடியிருப்பவர்தான் போடலாம். தகுதி இல்லை என்று தெரிந்தே போடுவது இங்கே குற்றம். இன்னொன்று, அவரிடம் வாக்காளர் பதிவுப் படிவமும் இருக்கலாம். அவர் நீட்டுகிறாரே என்று, ‘நான் அமெரிக்கக் குடிமகன்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டால், பிற்பாடு கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாவற்றுக்கும் அது குறுக்கே வந்து நிற்கும். அட்டையோடு நிற்பவர்களில் பலர் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள், உங்கள் விசா விவரம் அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு ராணிப்பேட்டை. பாலாற்றில் தோல் கழிவு கலக்கிறது என்று எங்கள் தெருவில் மனு எழுதி, ராணிப்பேட்டை வேலூர் மாவட்டத்தில் இருந்த காலத்தில், வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை மனு நாளில் எடுத்துப் போவார்கள். அப்பா வீட்டில் இருக்கும் ஐந்து பேருக்கும் அவரே, ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டுவிடுவார். யாரும் தப்பாக நினைத்ததில்லை. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள், மனைவிக்காகக்கூட நீங்கள் போடக் கூடாது.

சரிபார்ப்பது கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, அதன் தேர்தல் அலுவலகம். 2021-ல் கவர்னர் நியூசமைத் திரும்ப அழைக்கக் கொடுத்த மனுவுக்குத் தேவைப்பட்டது 14,95,709 கையெழுத்து. வந்து சேர்ந்தது 21 லட்சத்துக்கு மேல், அதில் நாலு லட்சத்துக்கு மேல் செல்லாது என்று தள்ளினார்கள். மிச்சமே போதுமானதாக இருந்ததால் அவரை நீக்கலாமா என்று தேர்தல் நடந்தது, அவர் பதவியில் நீடித்தார் என்பது வேறு கதை.

என் மனைவி ஒரு முறை அப்படி ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலை பார்த்தாள். திரையில் ஒரு பக்கம் மனுவில் உள்ள வரி, மறு பக்கம் அந்த வாக்காளர் பதிவின்போது போட்ட கையெழுத்து. முதலில் முகவரி ஒத்துப்போகிறதா, அப்புறம் எழுத்தின் சாய்வு, சுழி, முடிக்கிற கோடு. ஒரே ஆள் இரண்டு தரம் போட்டிருந்தால் ஒன்றுதான் கணக்கு. முதல் பெயருக்கோ நடுப் பெயருக்கோ பதிலாக இனிஷியல் போட்டதற்காக மட்டும் தள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, நம்மவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஒரு கையெழுத்து நடுங்கி நடுங்கிக் கோணலாக இருந்ததாம். பிறந்த வருஷத்தைப் பார்த்த மேற்பார்வையாளர், கைக்கும் வயசாகும், நிதானமாகப் பாருங்கள் என்றாராம். அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது.

என் கையெழுத்தே ஒரு தடவை வீணாய்ப் போயிருக்கிறது. குடியுரிமை வாங்கிய பிறகு வீடு மாறினேன், வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றவில்லை, மனுவில் புது முகவரி எழுதினேன். முகவரி ஒத்துப்போகாவிட்டால் எண்ண மாட்டார்கள். யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள். பல மாதம் கழித்து, தபாலில் வரும் வாக்குச்சீட்டு பழைய வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது, அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த முறை யாராவது அட்டையை நீட்டினால், நான் இங்கே வாக்காளர் இல்லை என்று சொல்லுங்கள். தேங்க்யூ என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.