ரேம் வேறு, விரேம் வேறு

கேள்வி: 32 ஜிபி ரேம் உள்ள புது லேப்டாப். மூடியில் ஏஐ ஸ்டிக்கர். கிராபிக்ஸ் மெமரி 20 ஜிபி என்று கடைக்காரர் திரையிலேயே காட்டினார். படம் உருவாக்கும் ஏஐ மாடலான ஃப்ளக்ஸை கம்ஃபியூஐ என்ற இலவச மென்பொருளில் ஓட்டினால் ஒரு படத்துக்குப் பல நிமிடம் ஆகிறது, சில நேரம் மெமரி இல்லை என்று நின்றுவிடுகிறது. ரேம் போதாதா?

பதில்: ரேம் தாராளமாக இருக்கிறது. இல்லாதது விரேம், அதாவது கிராபிக்ஸ் கார்டுக்கே சொந்தமான மெமரி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தைப் பாருங்கள். 'டெடிகேட்டட்' என்ற இடத்தில் 4, 'ஷேர்டு' என்ற இடத்தில் 16 இருக்கும். அந்த 16, உங்கள் ரேமில் பாதியை விண்டோஸ் கணக்குக்காகக் காட்டுவது. இரண்டையும் கூட்டித்தான் உங்களுக்கு 20 என்று விற்றிருக்கிறார்கள்.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். ஃப்ளக்ஸின் முதல் பதிப்பு 1200 கோடி பேராமீட்டர், அதாவது கற்றுக்கொண்ட எண்கள், கொண்ட மாடல். சுருக்காமல் ஏற்றினால் மாடலுக்கு மட்டுமே ஏறக்குறைய 24 ஜிபி விரேம் வேண்டும். ஜிஜியூஎஃப் என்ற கோப்பு வடிவில், ஒரு பேராமீட்டருக்கு ஏறக்குறைய நான்கு பிட் என்று சுருக்கினாலும் 7 ஜிபியை நெருங்கும். கார்டில் இடம் போதாமல் மாடலின் ஒரு பகுதி ரேமுக்கும் கார்டுக்கும் போய் வருவதால்தான் அத்தனை நிமிடம். வாங்குபவருக்கு முதலில் தேவைப்படும் எண் விரேம். அதைப் பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, ஸ்டிக்கரை மட்டும் பளபளவென்று ஒட்டுகிறார்கள்.

நானும் ஏமாந்தவன். ஆர்டிஎக்ஸ் 3060, 3060 டிஐ என்ற இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளும் எதிரே இருந்தன. கேமில் டிஐதான் வேகம் என்று கேட்டுப் பணத்தைக் கூடுதலாகக் கொடுத்தேன். அதில் 8 ஜிபி, விலை குறைந்த கார்டில் 12 ஜிபி. 2024 ஆகஸ்டில் ஃப்ளக்ஸ் வந்தபோதுதான் விட்டது எதை என்று புரிந்தது.

இப்போதைக்கு ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 என்ற பழைய, சிறிய மாடலைப் போட்டுப் பாருங்கள், 4 ஜிபியில் ஓடும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியவில்லை என்றால் இன்றே கடைக்குப் போங்கள்.

கேள்வி: தெரியாத தளத்தில் சிகேபிடி (.ckpt) என்று முடியும் கோப்பாகக் கிடைத்த மாடலைப் போடலாமா?

பதில்: கூடாது. அதைத் திறக்கும்போதே உள்ளே ஒளித்து வைத்த நிரல் ஓடிவிடலாம், மாடலின் எண்களை மட்டும் வைத்திருக்கும் சேஃப்டென்சர்ஸ் வகைக் கோப்பை மட்டும் எடுங்கள்.

கேள்வி: 24 ஜிபி கார்டு வாங்கியும் ஃப்ளக்ஸில் முகங்கள் மெழுகு பொம்மை மாதிரி வருகின்றன. இதைவிடப் பெரிய கார்டு வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். கார்டு தருவது வேகமும் இடமும்தான், தோலின் துளைகளை அது வரையாது. கைடன்ஸ், அதாவது நீங்கள் எழுதியதை மாடல் எவ்வளவு கறாராகப் பின்பற்ற வேண்டும் என்ற அமைப்பு, 3.5-இல் இருந்தால் 2.5-க்கோ இன்னும் கீழேயோ இறக்கிப் பாருங்கள். படத்துக்கு எழுதும் வர்ணனையில் 'அழகான', 'குறையற்ற' போன்ற சொற்களை எடுத்துவிட்டு, ஜன்னல் பக்கத்து வெளிச்சம், நெற்றிச் சுருக்கம் என்று கண்ணால் பார்ப்பதை எழுதுங்கள். இத்தனை செலவு செய்தவர் அமைப்புகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்றால் என்ன சொல்வது?

கேள்வி: 'சொந்தத் தயாரிப்பு, ஆஃப்லைன் ஏஐ ஸ்டூடியோ' என்ற விளம்பரம் பார்த்துப் பணம் கட்டினேன். ஃபோல்டரைத் திறந்தால் கம்ஃபியூஐ. நான் முட்டாளா?

பதில்: இல்லவே இல்லை. தப்பு முழுக்க விற்றவர் மேல்தான். கம்ஃபியூஐயின் உரிமம் அதைக் காசுக்கு விற்பதைத் தடுக்கவில்லை. ஆனால் பிறர் இலவசமாகத் தரும் வேலையைத் தன் தயாரிப்பு என்று சொன்னது ஏமாற்று. விளம்பரம், ரசீது, அந்த ஃபோல்டர் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், மறுத்தால் பணம் கட்டிய வழியிலேயே புகார் கொடுங்கள். அப்புறம் அவர் தந்த ஃபோல்டரை அழித்துவிட்டு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள அசல் பக்கத்திலிருந்து புதிதாக இறக்குங்கள்.