45 கணினிகள், ஒரு பிரிண்டர், நிறுத்தி வைத்த அப்டேட்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மொத்தம் 45 கணினிகள். 28-இல் விண்டோஸ் 11, 16-இல் விண்டோஸ் 10, எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் அனுப்பும் ஒன்றில் மட்டும் விண்டோஸ் 7. முன்பு ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பில் போடும் பிரிண்டர் இரண்டு நாள் ஓடவில்லை. ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்ப்பவர் அன்றே எல்லாக் கணினிகளிலும் அப்டேட்டை நிறுத்திவிட்டார். இப்போது வெளிநாட்டு பையர் அனுப்பிய படிவத்தில், 'பாதுகாப்பு அப்டேட் வெளியானால் எத்தனை நாளில் போடுகிறீர்கள்' என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குத் தனி சர்வர் வாங்க வேண்டும் என்கிறார் ஏஎம்சிகாரர். முதலாளி பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் சர்வர் விஷயத்தை முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். அவர் சொல்வது டபிள்யூஎஸ்யூஎஸ் என்ற பழைய ஏற்பாடாகத்தான் இருக்கும். அப்டேட்டுகளை ஒரு சர்வரில் இறக்கி வைத்து, அங்கிருந்து மற்றக் கணினிகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதில் இனி புதிதாக எதுவும் சேர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்டே 2024 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. 2025 அக்டோபரில் அதே டபிள்யூஎஸ்யூஎஸ்ஸில் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்து, மாதத்தின் நடுவில் அவசர பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) விட வேண்டியிருந்தது. ஒரே கட்டடத்தில் 45 கணினி வைத்திருப்பவருக்கு சர்வர், அதன் லைசென்ஸ், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் எல்லாம் வீண் செலவு. 'இன்டர்நெட் லைன் தாங்காது' என்பார். ஒரு கணினி இறக்கிய அப்டேட்டின் துண்டுகளை அதே நெட்வொர்க்கில் இருக்கும் பக்கத்துக் கணினி வாங்கிக்கொள்ளும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. பெயர் டெலிவரி ஆப்டிமைசேஷன். செட்டிங்ஸில் அது ஆன் ஆகி, 'என் லோக்கல் நெட்வொர்க்கில் உள்ள கணினிகள்' என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி பிரிண்டர். உங்கள் கதையைப் போல நூறு ஆபிஸ்களில் நடந்திருக்கிறது. 2021-இல் விண்டோஸின் பிரிண்ட் பகுதியில் அடுத்தடுத்து ஓட்டைகள் தெரியவந்தன. அவற்றை அடைக்க வந்த அப்டேட்டுகளில், அந்த செப்டம்பரில் வந்தது, ஒரு கணினியில் மாட்டிய பிரிண்டரை ஷேர் செய்து நாலு பேர் பயன்படுத்தும் இடங்களில் பிரிண்டையே நிறுத்தியது. '11பி' என்று முடியும் ஒரு பிழை எண் வரும். நம் ஊர் சின்ன ஆபிஸ்களில் முக்கால்வாசி இப்படி ஷேர் செய்த பிரிண்டர்தான். அன்றைக்கு டெக்னீஷியன்கள் கற்றுக்கொண்டது ஒரே வைத்தியம்: அந்த அப்டேட்டை எடு, இனிமேல் வராதபடி சர்வீஸையே டிசேபிள் செய். பத்து நிமிட வேலை, பிரிண்டர் ஓடிவிடும், முதலாளிக்கும் சந்தோஷம். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒரு பேட்ச்கூட உள்ளே போகவில்லை என்பதை யாரும் முதலாளியிடம் சொல்வதில்லை.

அப்டேட் பிரிண்டரைக் கெடுக்கும் என்ற பயம் நியாயமானது. அதற்கு மருந்து, எல்லாக் கணினியும் ஒரே நாளில் வாங்கிக்கொள்ளாமல் முறை வைப்பது. 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது விண்டோஸ் அப்டேட் இல்லை, க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட். ஒரே நேரத்தில் உலகம் முழுக்கப் போனதால் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றன. முதலில் நாலு கணினியில் போட்டுப் பார்த்திருந்தால் நாலோடு நின்றிருக்கும்.

மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் வெளியிடும். நமக்கு அது இரவு 10.30 மணி, அமெரிக்காவில் குளிர்கால நேரம் என்றால் 11.30. ஆக, உங்களுக்குப் புதன் காலை. இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8-இலிருந்து 14 தேதிக்குள் விழும். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொன்னதும் புரிந்திருக்கும்: ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள் 11-ஆம் தேதி, 3பி-க்கு 20-ஆம் தேதி. அப்டேட் வருவது சரியாக ரிட்டர்ன் போடும் நேரத்தில். டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கணினி ரீஸ்டார்ட் கேட்டால் யாருக்கும் கோபம் வரும்.

அதனால் மூன்று அணியாகப் பிரியுங்கள். முதல் அணியில் நாலு கணினி, தாமதம் 0 நாள். இதில் ஒன்றுக்காவது உங்கள் பில் பிரிண்டரின் அதே மாடல் பிரிண்டரும், அதே கணக்கு மென்பொருளும் இருக்க வேண்டும். பில் போடும் கணினியே அதில் இருக்கக் கூடாது. இரண்டாம் அணி பெரிய கும்பல்: மெர்ச்சன்டைசிங், ஸ்டோர்ஸ், எச்ஆர். தாமதம் 7 நாள். மூன்றாவது கணக்கும் பில்லிங்கும், 14 நாள். இரண்டாம் செவ்வாயோடு 14-ஐக் கூட்டினால் 22-லிருந்து 28 தேதிக்குள் வரும். 3பி முடிந்திருக்கும், சம்பளம் போட இன்னும் நாளிருக்கும். இடையில் அந்த ஓட்டையை ஹேக்கர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரித்தால், எல்லா அணிக்கும் எண்ணை 0 ஆக்கிவிடுங்கள். அந்த ஒரு மாதம் பிரிண்டர் பயத்தைத் தள்ளி வைக்க வேண்டியதுதான்.

இதைப் போடும் இடம் விண்டோஸ் ப்ரோவில் உள்ள குரூப் பாலிசி எடிட்டர். அதில் விண்டோஸ் அப்டேட் பகுதியில், குவாலிட்டி அப்டேட்டை (மாதாந்திர அப்டேட்டுக்கு அங்கே இதுதான் பெயர்) எத்தனை நாள் கழித்து வாங்குவது என்று ஒரு வரி இருக்கும், 30 நாள் வரை கொடுக்கலாம். அதன் பக்கத்திலேயே, விண்டோஸ் அப்டேட்டோடு டிரைவர்களை (பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் மென்பொருள்) சேர்க்க வேண்டாம் என்று இன்னொரு வரி. அதை ஆன் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டர் டிரைவரை விண்டோஸ் தானாக மாற்றுவது அதோடு நிற்கும். ஒரு கணினிக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஹோம் எடிஷனில் இந்த எடிட்டரே கிடையாது, சில வாரம் தள்ளிப்போட மட்டும்தான் முடியும். லேப்டாப் வாங்கும்போது கடைக்காரர் ஹோம் எடிஷனைத் தள்ளிவிட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

இவ்வளவு செய்தும் பாதி ஆபிஸ்களில் அப்டேட் ஏறாது. காரணத்தை ஒரு முறை நேரில் பார்த்தேன். ஒரு நிறுவனத்தில் எல்லா செட்டிங்கும் சரியாக இருந்தது, ஆனால் மூன்று மாதமாக எந்தக் கணினியும் அப்டேட் ஆகவில்லை. மாலை வரை உட்கார்ந்து பார்த்தோம். ஏழு மணிக்கு வாட்ச்மேன் வந்து யூபிஎஸ் அறையில் மெயின் சுவிட்சை இறக்கினார். தினமும் அப்படித்தான். பகலில் ஆள் வேலை பார்க்கிறார் என்று விண்டோஸ் ரீஸ்டார்ட் செய்யாமல் காத்திருக்கும், ராத்திரி போடலாம் என்றால் கரண்டே இல்லை. காலையில் ஆன் செய்தால் மறுபடி பகல். இதில் இன்னொன்றும் சேரும்: ஷட் டவுன் கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று நினைக்கிறோம். கணினி சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் முழு ரீஸ்டார்ட் ஆகாது. மெனுவில் 'ரீஸ்டார்ட்' என்பதையே அழுத்த வேண்டும். உங்கள் ஆபிஸில் அந்தந்த அணியின் நாளில் சாப்பாட்டு நேரத்தை ரீஸ்டார்ட் நேரமாக அறிவித்துவிடுங்கள். கேட்காதவர்களுக்கு, அதே பாலிசியில் கெடு வைக்கும் வரி இருக்கிறது, 2 நாள் கொடுங்கள். கெடு தாண்டினால் கணினி தானே ரீஸ்டார்ட் ஆகிவிடும். வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: திரையில் சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால் சுவிட்சில் கை வைக்கக் கூடாது.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஏஎம்சிகாரரிடமிருந்து நாலு விஷயம் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு கணினியின் அட்மின் பாஸ்வேர்டு. விண்டோஸ் லைசென்ஸ் வாங்கிய பில். அவர் எந்த வழியில் அப்டேட்டை நிறுத்தினார் என்பது. நாலாவது, ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் ரிகவரி கீ, 48 இலக்க எண். இந்த நாலாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். புதுக் கணினியை செட்டப் செய்யும்போது டெக்னீஷியன் தன் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்துவிடுவார், ஹார்ட் டிஸ்க் பூட்டின் சாவி அவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, 2024 ஜூலையில் சில கணினிகளுக்கு நடந்ததுபோல, திரை அந்த 48 எண்ணைக் கேட்கும். அப்போது அவர் ஊரில் இல்லை என்றால் உங்கள் டேட்டா உங்களுக்கே கிடையாது.

லைசென்ஸ் பில் கேட்டதும் அவர் தயங்கினால் காரணத்தை ஊகிக்கலாம். கிராக் போட்டு ஆக்டிவேட் செய்த விண்டோஸ் அப்டேட்டில் மாட்டிக்கொள்ளும் என்று பயந்தே பலர் அப்டேட்டை நிறுத்துகிறார்கள். சில நூறு ரூபாய் 'லைஃப்டைம் கீ'யும் அதே ரகம். இன்னொரு வசூலும் உண்டு: 'இரண்டு வருட அப்டேட் பாக்கி, ஒவ்வொன்றாகப் போட வேண்டும், கணினிக்கு இவ்வளவு' என்பார்கள். நம்பாதீர்கள். விண்டோஸ் 10-லிருந்து மாதாந்திர அப்டேட்டுகள் தொகுப்பாகவே வருகின்றன. கடைசி மாதத்தினுடையதைப் போட்டால் முந்தியவை எல்லாம் அதற்குள் இருக்கும். விண்டோஸ் 11-இன் பதிப்பு மட்டும் பழசாகியிருக்கக் கூடாது. 23எச்2 பதிப்பின் ஹோம், ப்ரோ எடிஷன்களுக்கு 2025 நவம்பர் 11-ஓடு அப்டேட் நின்றுவிட்டது.

விண்டோஸ் 10 உள்ள 16 கணினிகளுக்கு, 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு இலவச பேட்ச் இல்லை. நிறுவனங்களுக்குப் பணம் கட்டி நீட்டிக்கும் திட்டம் உண்டு. முதல் வருடம் கணினிக்கு 61 டாலர், அடுத்த வருடம் இரட்டிப்பு, மூன்றாவது வருடம் அதற்கும் இரட்டிப்பு. இரண்டாம் வருடம் சேர்ந்தாலும் முதல் வருடப் பணத்தையும் கட்டியாக வேண்டும். நன்றாக ஓடும் கணினியை சிப் பழசு என்று ஒதுக்கிவிட்டு, அதைக் காப்பாற்ற இவ்வளவு கேட்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் கணக்குப் பார்த்தால், 11 ஏறக்கூடியவற்றில் 11 போடுவதும், மற்றவற்றை ஒரு வருடத்துக்குள் மாற்றுவதும்தான் மலிவு. தகுதி இல்லாத கணினியிலும் குறுக்கு வழியில் 11 போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் விட்டுவிடுங்கள். அப்படிப் போட்டவற்றுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

கடைசியாக அந்த விண்டோஸ் 7. இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே 'அப்டேட் போடு' என்ற என் பேச்சு செல்லாது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. மெஷின் விற்ற கம்பெனி புது விண்டோஸுக்கு மென்பொருள் தராது, கேட்டால் புது மெஷின் வாங்கச் சொல்லும். பல லட்சம் போட்டவரை இப்படி நிறுத்துவது அநியாயம். சரி, அது ஓடட்டும், ஆனால் தனியாக ஓடட்டும். 2017 மே 12-இல் வான்னாக்ரை வந்தபோது யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. பேட்ச் போடாத ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு நெட்வொர்க் வழியாகவே தாவியது. அதற்கான பேட்ச் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது. உங்கள் 44 கணினியும் ஒழுங்காக இருந்து, இது ஒன்று அதே நெட்வொர்க் சுவிட்சில் மாட்டியிருந்தால், உள்ளே வர அது போதும்.

நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். வைஃபை டாங்கிள் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். டிசைனைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். அதற்கென்றே ஒரு பென்டிரைவ், மேலே சிவப்பு டேப் ஒட்டி, வேறு எதற்கும் பயன்படுத்தாமல். ஒவ்வொரு முறையும் அப்டேட் ஆன ஒரு விண்டோஸ் 11 கணினியில் ஸ்கேன் செய்த பிறகே செருக வேண்டும். மெஷினுக்கும் கணினிக்கும் நடுவே நெட்வொர்க் கேபிள்தான் வழி என்றால், அந்த இரண்டுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன நெட்வொர்க் சுவிட்ச் வாங்குங்கள், ஆபிஸ் நெட்வொர்க்கோடு அதை இணைக்காதீர்கள். அப்புறம் அந்த ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து பீரோவில் வையுங்கள். பழைய டிஸ்க் ஒருநாள் போகும், அந்த மென்பொருளைத் திரும்ப நிறுவ சிடியோ ஆளோ கிடைக்காது. அந்த மென்பொருளைத் திறக்கக் கணினியில் செருகும் பழைய டாங்கிள் சாவி இருந்தால் அதற்கும் பெயர் எழுதி ஒட்டுங்கள். வயதான கணினியை நடமாட விடாமல் பார்த்துக்கொள்வது பெரிய வேலையில்லை. தினமும் ஒருவர் கவனித்தால் போதும்.

பையரின் படிவத்துக்கு வருவோம். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு பில்ட் எண் வரும். அதை மைக்ரோசாஃப்டின் வெளியீட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால் கடைசி அப்டேட் எந்த மாதத்தினுடையது என்று தெரியும். கணினியின் பெயர், உட்காருபவர், பில்ட் எண், பார்த்த தேதி என்று நாலு கட்டம் போட்ட எக்செல் ஷீட் ஒன்று தயார் செய்யுங்கள். மாதக் கடைசியில் அதை நிரப்பித் தருவதை ஏஎம்சி ஒப்பந்தத்திலேயே எழுதி, நிரம்பிய ஷீட் வந்த பிறகே அந்த மாதப் பணம் கொடுங்கள். படிவத்தில் '7 நாள், நிதிப் பிரிவுக்கு 14 நாள், ரீஸ்டார்ட்டுக்கு மேலும் 2 நாள்' என்று எழுதலாம். விண்டோஸ் 10 கணினிகளை மாற்றும் தேதியையும், விண்டோஸ் 7 கணினி நெட்வொர்க்கில் இல்லை என்பதையும் தனி வரிகளில் எழுதுங்கள். மறைக்க வேண்டாம். முதல் மாத ஷீட்டை நிரப்பும்போது, 28 கணினிகளில் எத்தனை உண்மையில் ப்ரோ, எத்தனை ஹோம் என்று எண்ணி அனுப்புங்கள். ஹோம் கணினிகளை என்ன செய்வது என்பதை அந்த எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்கிறேன்.