டாக்டர் பதில்கள்: பீடி தொடாத ஆத்தாவுக்கு ஏன் இந்த நோய்?

கேள்வி: என் ஆத்தாவுக்கு 61 வயது. 27 வருடமாகக் கல்யாண வீடுகளுக்கு மனகோலம், அதிரசம், சீப்புச் சீடை சுட்டுக் கொடுக்கிறார்கள். எல்லாம் விறகு அடுப்புதான். போன மார்கழியில் தொடங்கிய இருமல் நிற்கவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஊதச் சொல்லிப் பார்த்த டாக்டர் சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்கிறார். பீடி, சிகரெட் பிடிப்பவர் எங்கள் வீட்டில் யாருமில்லை. நாங்கள் என்ன டெல்லியிலா இருக்கிறோம்? இன்ஹேலர் பழகினால் விட முடியாதாமே? (குரங்குத் தொல்லைக்காக இரண்டாம் கட்டு முற்றத்தின் மேல் நாலு வருடம் முன்பு பிளாஸ்டிக் ஷீட் போட்டோம். அதற்குப் பிறகுதான் மோசமோ என்றும் தோன்றுகிறது.)
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்த ஷீட்டிலிருந்தே தொடங்குகிறேன். நம் வீடுகளைக் கட்டியவர்கள் முற்றத்தை வெயிலுக்கும் மழைத்தண்ணீருக்கும் மட்டும் திறந்து வைக்கவில்லை. அடுப்படிச் சூடும் புகையும் மேலே போக அதுதான் வழி. அதை மூடிவிட்டால் புகை பட்டாலை வரைக்கும் சுற்றிக்கொண்டு கிடக்கும். ஆனால் பழியெல்லாம் ஷீட் மேல் இல்லை. 27 வருடப் புகை முதல், ஷீட் அதன் மேல் ஏறிய வட்டி. வட்டிக் கணக்கை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம்!

நானும் இதில் தப்புச் செய்தவன்தான். காரைக்குடியில் தொழில் தொடங்கிய புதிதில், இருமலோடு வரும் பெண்களிடம் "வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாரா?" என்று கேட்பேன். காசநோய்க்குச் சளி சோதிப்பேன். இல்லை என்று வந்தால் இருமல் மருந்து எழுதி அனுப்பிவிடுவேன். அடுப்பைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. கண்டனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது காபி கேட்டுப் பின்கட்டுக்குள் நுழைந்தேன். எண்ணெய்ச்சட்டி முன்னால் உட்கார்ந்திருந்தவர், ஒரு வருடமாக என்னிடம் இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்த அம்மா! இரண்டு நிமிஷத்தில் என் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. காபி குடிக்காமல் வெளியே வந்தேன்.

டெல்லிக் காற்று தெருவில் இருக்கிறது, உங்கள் டெல்லி அடுப்படிக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். விறகு, அதுவும் ஈரம் காயாத சீமைக்கருவேல், முழுதாக எரியாதபோது வரும் நுண்துகள் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ 30ல் ஒரு பங்கு. அது மூக்கு முடியில் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது, கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கிறது. இதயத்துக்கும் கெடுதல் என்பது அதனால்தான். ஒரு கனமீட்டர் காற்றில் இந்தத் துகளின் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்ன அளவு. நம் அரசின் வரம்பு 60. காற்றோட்டம் இல்லாத விறகடுப்படியில் இது பல நூறைத் தொடும். வாயில் துண்டு கட்டிக்கொண்டால் தும்முவது குறையலாம், இந்தத் துகள் நிற்காது.

சரி, என்ன செய்வது? பலகாரத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், அவர்கள் கேட்கப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம். விறகை விட்டுப் பெரிய கேஸ் அடுப்புக்கு மாறட்டும். ருசி போய்விடும் என்பார்கள். மனகோலத்தின் ருசி மாவிலும் எண்ணெய்ப் பதத்திலும் இருக்கிறது, புகையில் இல்லை. ஷீட்டை எடுத்துவிட்டுக் கம்பிவலை போடுங்கள், குரங்குக்கு அது போதும். எண்ணெய்ப் புகையும் ஆகாது, அதனால் கேஸ் வந்தாலும் அடுப்பு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும்.

இன்ஹேலர் போதை மருந்து அல்ல. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போகும் மருந்து இதில் மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. ஸ்டீராய்டு கலந்ததென்றால் இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் புகையை நிறுத்தினால் மேலும் கெடும் வேகம் குறையும். வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசிக்கும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: பேரனுக்கு ஆஸ்துமா. காற்றைச் சுத்தம் செய்ய அறையில் மணி பிளான்ட் வைத்திருக்கிறோம். போதுமா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: அதே அறையில் ராத்திரி கொசுவர்த்தி கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஒரு செடியால் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. சுருளை நிறுத்திக் கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் அவன் இருக்கும் அறையில் வேண்டாம். மணி பிளான்ட் அழகுக்கு இருக்கட்டும். பாட்டிலில் வைத்திருந்தால் தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுவை நீங்களே வளர்ப்பீர்கள்.