மாடியைப் பார்க்கும் முன் மனையைப் பாருங்கள்: சென்னையில் வீடு வாங்குவோர் கேள்வி–பதில்

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள், வாடகை வீட்டில் இருக்கிறோம். வேளச்சேரியில் 1998-இல் கட்டப்பட்ட, எட்டு வீடுகள் கொண்ட கட்டடத்தில் 850 சதுர அடி வீடு ஒன்று 70 லட்சத்துக்கு வருகிறது, யு.டி.எஸ். (மனையில் வரும் பிரிபடாத பாகம்) 480 சதுர அடி. பெரும்பாக்கத்தில் கட்டப்பட்டுவரும் பதினான்கு மாடிக் குடியிருப்பில் 1,180 சதுர அடி வீட்டுக்கு 74 லட்சம் கேட்கிறார்கள், யு.டி.எஸ். 390. அங்கே நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் உண்டு. பழைய வீட்டில் பணத்தைப் போடாதே என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். எதை வாங்கலாம்?
– வாசகி, ஆதம்பாக்கம்

பதில்: உங்கள் உறவினர்கள் கட்டடத்தின் வயதைப் பார்க்கிறார்கள், நான் முதலில் அது நிற்கும் மண்ணைப் பார்க்கச் சொல்வேன். அடுக்குமாடி வீட்டில் கட்டடத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே போகும். விலை ஏறுவது மனையில் உங்களுக்கு உள்ள பிரிபடாத பாகம், அதாவது யு.டி.எஸ்., மட்டுமே. கேட்கும் விலையை அந்தப் பாகத்தால் வகுத்தால் வேளச்சேரியில் சதுர அடிக்கு ஏறத்தாழ 14,600 ரூபாயும் பெரும்பாக்கத்தில் ஏறத்தாழ 19,000 ரூபாயும் வருகின்றன. கட்டடத்தின் விலையும் இதற்குள் கலந்திருப்பதால் இதை முடிந்த கணக்காகக் கொள்ள முடியாது. ஆயினும் நகருக்குள் இருக்கும் மண் மலிவாகவும் தள்ளியிருக்கும் மண் விலை கூடியும் வருவதைக் கவனியுங்கள். அந்த வித்தியாசம் புதுக் கட்டடத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் போகிறது.

பரப்பளவையும் அப்படியே ஒப்பிட வேண்டாம். பெரும்பாக்கத்தில் சொல்லப்படும் 1,180 சதுர அடி பெரும்பாலும் சூப்பர் பில்டப் அளவாக இருக்கும். படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்வது அது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி விற்பனை கார்பெட் ஏரியாவின், அதாவது வீட்டின் உள்தரைப் பரப்பின், அடிப்படையில்தான் நடக்க வேண்டும். வெளிச்சுவர்களும் பால்கனியும் அதில் சேரா, உட்சுவர்கள் சேரும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கால் பங்குக்கு மேல் கழிந்தாலும் வியப்படைய வேண்டாம்.

இனி வேளச்சேரி வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய எண்களிலேயே ஒரு நெருடல் இருக்கிறது. எட்டு வீடுகளுக்கும் தலா 480 சதுர அடி பாகம் என்றால் மனை 3,840 சதுர அடி. எட்டு வீடுகளுக்கும் தலா 850 என்றால் கட்டடம் 6,800 சதுர அடி. 1998-இல் சென்னையில் சாதாரணக் குடியிருப்புக் கட்டடத்துக்கு மனையைப்போல் ஒன்றரை மடங்குதான் கட்ட அனுமதி. அந்தக் கணக்கில் 5,760-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. 850 என்பதில் பொதுப் பகுதிகளின் பங்கு சேர்ந்திருக்கலாம்; மனையின் ஒரு பகுதியைப் பில்டர் யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் தன் பெயரிலேயே வைத்திருக்கலாம்; அல்லது அனுமதிக்கு மேல் கட்டியிருக்கலாம். முதலாவதால் தீங்கில்லை. இரண்டாவது, பின்னாளில் மொட்டை மாடியில் புதிய வீடு முளைப்பதற்கு வழிவிடும். மூன்றாவதாக இருந்தால், 1999 பிப்ரவரிக்கு முந்தைய விதிமீறல்களுக்காக அரசு கொண்டுவந்த வரன்முறைத் திட்டத்தில் கட்டணம் செலுத்தி ஆணை பெற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். எட்டு வீட்டுப் பத்திரங்களிலும் உள்ள பாகங்களைக் கூட்டி, மனையின் மூலப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அரை நாள் வேலை. அசோசியேஷன் செயலாளர் ஒத்துழைத்தால் ஒரு மணி நேரம்.

"இடித்துக் கட்டினால் இரட்டிப்பு" என்று தரகர் சொல்லக்கூடும். 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் அந்த ஒன்றரை மடங்கை இரண்டு மடங்காக உயர்த்தியது உண்மைதான். சாலை அகலமாக இருந்தால் கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பும் பெறலாம். ஆனால் உங்கள் மனையில் இரண்டு மடங்கு என்பது 7,680 சதுர அடி. ஏற்கெனவே 6,800 நிற்கிறது. மிஞ்சும் 880 சதுர அடிக்காக எந்தப் பில்டர் ஓடி வருவார்? 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானம் செய்ய வழிவகுக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்; அதற்காக இன்றே விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் இரண்டு இடங்களுக்கும் பொதுவான கேள்வி. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். வேளச்சேரியும் பெரும்பாக்கமும் அந்தச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்தான் இருக்கின்றன. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இவ்விரு பகுதிகளிலும் பல தெருக்களில் வெள்ளம் நின்றது. ஆனால் தெருவுக்குத் தெரு நிலைமை வேறு. ஊர்ப் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விற்பவரிடம் கேட்பதைவிடத் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடமும் பால் போடுபவரிடமும், 2015-இல் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, எத்தனை நாள் கழித்து வடிந்தது என்று கேளுங்கள். கோடையில் வாரத்துக்கு எத்தனை லாரித் தண்ணீர் இறங்குகிறது என்பதையும் அவர்களே சரியாகச் சொல்வார்கள். பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு மெட்ரோ வரப்போவது மெய்யே. அது ஓடத் தொடங்கும்வரை நீங்கள் பேருந்தில்தான் போக வேண்டும் என்பதையும் விலை பேசும்போது மறக்க வேண்டாம்.

கூட்டல் கணக்கு ஒத்துவந்து, தெருவில் வெள்ளம் நிற்காது என்பதும் உறுதியானால் நான் வேளச்சேரி வீட்டையே தேர்ந்தெடுப்பேன். அதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சென்று தூண்களையும் மொட்டை மாடியின் அடிப்பக்கத்தையும் காட்டுங்கள். கான்கிரீட் பெயர்ந்து கம்பி துருப்பிடித்திருந்தால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பழைய கட்டடத்துக்கு வங்கிகள் கடன் தவணைக் காலத்தைக் குறைக்கக்கூடும் என்பதால், முன்பணம் தருவதற்கு முன்பே வங்கியில் விசாரித்துவிடுவது நல்லது.

கேள்வி: ஆவடி அருகே ஒரு திட்டத்தில் "முன்வெளியீட்டு விலை" என்று சொல்லி, 20 சதவீதம் கட்டினால் சதுர அடிக்கு 400 ரூபாய் குறைப்பதாகக் கூறுகிறார்கள். ரெரா எண் அடுத்த மாதம் வந்துவிடுமாம். கட்டலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: கட்ட வேண்டாம். பதிவு பெறாத திட்டத்தை விளம்பரம் செய்வதும், அதில் முன்பதிவுப் பணம் வாங்குவதும் 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி குற்றம். பதிவு பெற்ற பிறகும்கூட, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. வாங்குவோரிடம் திரட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்ற விதி, ஒரு திட்டத்தின் பணம் இன்னொரு திட்டத்துக்குப் பாய்வதைத் தடுப்பதற்காகவே வந்தது. பதிவுக்கு முன் நீங்கள் தரும் பணம் இந்த வேலிக்கு வெளியே கிடக்கும்.

எண் வந்த பிறகு, தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் அதை இட்டு, அனுமதி பெற்ற வரைபடத்தையும் முடிக்க வேண்டிய தேதியையும் பாருங்கள். மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாத, அல்லது வீடுகள் எட்டைத் தாண்டாத திட்டங்களுக்கு இப்பதிவு கட்டாயமில்லை. சென்னையில் ஒன்று இரண்டு கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர்) மனைகளில் எழும் கட்டடங்களில் பல இந்த வகையே. அங்கே வாங்குபவர் தம் வழக்கறிஞரையும் பொறியாளரையும் மட்டுமே நம்ப முடியும். அனுமதி இருக்கிறது என்பதே கட்டடம் உறுதியானது என்பதற்குச் சான்றாகாது. 2014 ஜூன் 28-ஆம் தேதி மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். அதுவும் அனுமதி பெற்ற கட்டடமே. இன்று ரெரா சட்டம், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளைத் தன் செலவில் சரிசெய்யும் பொறுப்பைப் பில்டர்மீது சுமத்துகிறது.

கேள்வி: வங்கியே ஆவணங்களைச் சரிபார்த்துக் கடனுக்கு ஒப்புதல் தந்துவிட்டது. தனியாக வழக்கறிஞர் தேவையா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: தேவை. வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்க்கிறார். கொடுத்த கடன் வசூலாகுமா என்பது அவர் கவலை. பக்கத்து வீட்டாருடன் வழித்தகராறு இருக்கிறதா, கார் நிறுத்துமிடம் உங்கள் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பவை உங்கள் கவலை. அவருடைய கருத்துரையை நம்பி வாங்கிப் பின்னால் உரிமையில் சிக்கல் எழுந்தாலும் தவணையைக் கட்டிக்கொண்டிருக்கப் போவது நீங்கள்தான்.

கேள்வி: குரோம்பேட்டையில் ஒரு தனி வீடு. உரிமையாளர் அமெரிக்காவில் இருக்கிறார். அவருடைய தம்பி பவர் பத்திரம் வைத்துக்கொண்டு விற்கிறார். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை. நம்பி வாங்கலாமா?
– வாசகர், பல்லாவரம்

பதில்: பவர் பத்திரம் மூலம் வாங்குவதில் தவறில்லை, ஆனால் அது விற்கும் அதிகாரத்தைத் தருகிறதே தவிர, தம்பியை உரிமையாளர் ஆக்குவதில்லை. பவர் பத்திரத்தாலேயே சொத்துரிமை கைமாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகக் கூறிவிட்டது. கிரயப் பத்திரம் அண்ணனின் பெயரால்தான் எழுதப்பட வேண்டும். வெளிநாட்டில் எழுதப்பட்ட பவர், இந்தியாவுக்கு வந்து மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டதா, விற்கவும் பணம் பெறவும் அதில் வெளிப்படையாக அதிகாரம் உண்டா, இடையில் ரத்து செய்யப்பட்டதா என்று பாருங்கள். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும். ஆகவே அண்ணனோடு நேரடியாகக் காணொளியில் பேசிவிடுங்கள். இதற்குத் தம்பி தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

வில்லங்கச் சான்றைப் பற்றி மக்களுக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கிறது. பதிவு செய்யப்பட்ட ஆவணங்களை மட்டுமே அது காட்டும். பதிவு செய்யாத ஒப்பந்தம், உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கைமாற்றுக் கடன் ஆகியவை அதில் தெரியா. அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். நகல்தான் இருக்கிறது, அசல் தொலைந்துவிட்டது என்றால் அது எங்கே அடகில் இருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். சொத்து அவர்கள் தந்தையார் வழி வந்ததாக இருந்தால் வாரிசுச் சான்றில் உள்ள சகோதரிகள் அனைவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதியிருக்க வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை.

இன்னொன்று, விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர். உள்நாட்டவரிடம் 50 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட விலைக்கு வாங்கினால் ஒரு சதவீத வரியைப் பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாடுவாழ் உரிமையாளருக்கு விதியும் வேறு, விகிதமும் மிக அதிகம். பிடிக்கத் தவறினால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். முன்பணம் தருவதற்கு முன் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். முன்பணத்தையும் ரொக்கமாகத் தராதீர்கள். அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

கேள்வி: எங்கள் சேமிப்பு 14 லட்சம். கட்டிக்கொண்டிருக்கும் 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி 80 சதவீதம் கடன் தரும் என்கிறார்கள். போதுமா?
– வாசகி, மாதவரம்

பதில்: போதாது. 80 சதவீதம் என்பது 48 லட்சம். உங்கள் பங்கு 12 லட்சம். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது 3 லட்சம். தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல் புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனையில் மனைப் பாகத்தையும் கட்டடத்தையும் சேர்த்தே மதிப்பிட்டுப் பதிவு செய்கிறார்கள்; 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். உங்களுக்கு 7 சதவீதம், ஆக 4 லட்சத்து 20 ஆயிரம். இந்தச் செலவுக்கு வங்கி கடன் தராது. கையிலிருந்து 19 லட்சத்து 20 ஆயிரம் வேண்டும். மின் இணைப்பு, அலமாரி, வழக்கறிஞர் கட்டணம் இதில் சேரவில்லை. தனிநபர் கடன் வாங்கி இந்த இடைவெளியை நிரப்பச் சிலர் யோசனை சொல்வார்கள். 48 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணையே மாதம் ஏறத்தாழ 41,700 ரூபாய் வரும். கட்டி முடிக்கும்போது செலுத்திய மொத்தத் தொகை ஏறத்தாழ ஒரு கோடி. அதன் தலையில் இன்னொரு கடனை ஏற்ற நான் சொல்ல மாட்டேன்.

கட்டி முடித்து, நிறைவுச் சான்று பெற்று, இன்னும் விற்காமல் இருக்கும் வீட்டை அதே பகுதியில் தேடுங்கள். நிறைவுச் சான்றுக்குப் பின் முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. விலையும் பதிவு மதிப்பும் 50 லட்சத்துக்குள் அடங்கினால் உங்கள் பங்கு 10 லட்சம், பதிவுச் செலவு 6 சதவீதமாக 3 லட்சம். மீதி ஒரு லட்சத்தில் வழக்கறிஞரையும் பொறியாளரையும் பார்த்துவிடலாம். பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கினால் இந்தக் குறைந்த முத்திரைத் தீர்வை கிடையாது. பதிவுச் செலவு 9 சதவீதம் ஆகும் என்பதால் அங்கே 48 லட்சத்தைத் தாண்ட வேண்டாம்.