எந்தக் கதவை முதலில் தட்டுவது? – வாசகர் கேள்வி பதில்

மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் கிடைக்கும் உதவிகளைப் பற்றிச் சென்ற இதழில் உங்கள் கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, உதவி இருக்கிறதா என்பதைவிட அதை எந்த அலுவலகத்தில், எந்த வரிசையில் கேட்பது என்பதையே கேட்டிருந்தன. ஒரே குடும்பத்துக்கு வேண்டியவை மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம், பள்ளிக்கூடம், வங்கி என்று சிதறிக் கிடப்பதால் இந்தத் திகைப்பு நியாயமானதுதான்.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது முடியப்போகிறது. இன்னும் "அம்மா" என்றுகூடச் சொல்வதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதும் இல்லை. "இவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினான்" என்கிறார் மாமியார். நான் யாரிடம் காட்டுவது? மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முதலில் வாங்க வேண்டுமா? (ஒரு தாய், தென்காசி மாவட்டம்)

உங்கள் மாமியார் சொல்வது அன்பினால் வரும் ஆறுதல். ஆனால் அதை நம்பி இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டாம். தாமதமாகப் பேசிய பிள்ளைகள் எந்தக் குடும்பத்திலும் உண்டு. அவர்களில் பலர் பேச்சு வராதபோதும் விரலால் சுட்டிக்காட்டியும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டியும், அழைத்தால் முகத்தைப் பார்த்தும் தங்கள் தேவையைத் தெரிவித்துவிடுவார்கள். பெயருக்குத் திரும்பாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. கதவு சாத்தும் ஓசைக்குத் திரும்புகிறான் என்பதை வைத்து, காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உரத்த ஓசை கேட்டு மெல்லிய பேச்சொலி கேட்காத பிள்ளைகள் பலரை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை தூங்கும்போதே செய்யப்படும் பெரா என்ற செவித்திறன் பரிசோதனையில் விடை தெரிந்துவிடும். கடுமையான செவித்திறன் குறைபாடு என்று தெரிந்தால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் என்ற, உட்காதில் கேட்கும் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். வயது வரம்பு இருப்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

காது நன்றாக இருந்தால் அடுத்த கட்டம் வளர்ச்சி மதிப்பீடு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடக்கநிலை இடையீட்டு மையம் இயங்குகிறது; உங்களுக்குத் திருநெல்வேலி அருகில். வாசலில் இந்தத் தமிழ்ப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது, "டி.இ.ஐ.சி." என்று கேளுங்கள், காவலாளியே வழி காட்டுவார். பிறந்தது முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளைக் குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் ஆகியோர் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது இது. உங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு நல்வாய்ப்பும் உண்டு. ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம், கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையிலும் எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கி வளர்த்த நிறுவனம்; சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அதன் பணியாளர்கள் நேரில் சென்று சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையாமல் வீட்டுத் திண்ணையிலேயே பயிற்சி நடப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை அலைந்தவர்கள்தாம் அறிவார்கள்.

சான்றிதழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயிற்சி தொடங்குவதற்குச் சான்றிதழ் தேவையில்லை. இரண்டும் தனித்தனியே நடக்கட்டும். உதவித்தொகைக்கும் சலுகைகளுக்கும்தான் அது வேண்டும். சிறு வயதில் தரப்படும் சான்று பெரும்பாலும் தற்காலிகமானது, பிள்ளை வளர வளர மறுமதிப்பீடு உண்டு. ஆகவே "ஒருமுறை எழுதிவிட்டால் ஆயுளுக்கும் அந்த முத்திரை" என்று பயந்து தள்ளிப்போடும் பெற்றோர் வீணாகவே தள்ளிப்போடுகிறார்கள்.

இவையெல்லாம் கைகூடும்வரை நீங்கள் வீட்டில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அவனுக்குப் பிடித்த முறுக்கை முழுதாகக் கையில் கொடுக்காமல் சிறு சிறு துண்டாக உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, அடுத்ததை உங்கள் முகத்தருகே பிடித்துக் காத்திருங்கள். அவன் கண் உங்கள் கண்ணைத் தொட்ட கணத்திலேயே, "தா" என்று ஒரே சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அழவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டாம். இதற்குக் கைப்பேசியை அணைத்து வைத்த அரை மணி நேரம் போதும்.

கேள்வி: நான் அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவன். அறிவுசார் குறைபாடு உடைய என் மகளுக்குப் பத்தொன்பது வயது ஆகிறது. மைனராக இருந்தபோது தொடங்கிய அவளுடைய வங்கிக் கணக்கில், இப்போது என் கையெழுத்து செல்லாது என்கிறார்கள். பெற்ற தகப்பனுக்கே உரிமை இல்லையா? எங்களுக்குப் பிறகு இவள் கதி என்ன? (ஒரு தந்தை, திருச்சி)

கோபம் புரிகிறது, ஐயா. ஆனால் வங்கிக்காரர் சட்டப்படிதான் சொல்லியிருக்கிறார். பதினெட்டு வயது முடிந்த நாளிலிருந்து எந்தக் குறைபாடு உள்ளவரும் சட்டத்தின் கண்ணில் வயது வந்தவரே. அன்றோடு பெற்றோரின் இயல்பான பாதுகாவலர் உரிமை முடிந்துவிடுகிறது. இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வங்கிக் கவுன்டரில்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில் உள்ளவர்களுக்காக 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோரைக் கொண்ட உள்ளூர்க் குழு இருக்கிறது. நீதிமன்றம் போகாமலே உங்களைச் சட்டப்படியான பாதுகாவலராக நியமிக்க அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. விண்ணப்பத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். குழு தரும் சான்றிதழை ஏற்றுக் கணக்கைத் தொடரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் தயங்கினால் அதைப் பணிவாக நினைவூட்டலாம். இந்தச் சான்று வெறும் உரிமைப் பத்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். பொறுப்பேற்ற ஆறு மாதத்துக்குள் மகளின் பெயரில் உள்ள சொத்து விவரத்தையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் பாதுகாவலர் ஒப்படைக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு வரும் கடிதங்களிலெல்லாம் கடைசி வரியாக இருப்பது. நீங்கள் மத்திய அரசு ஓய்வூதியர் என்பதால் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. தன் பிழைப்புக்குத் தானே சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, பெற்றோர் இருவருக்கும் பிறகு, ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அவளுக்காகப் பாதுகாவலர் அதைப் பெறலாம். நீங்கள் இருக்கும்போதே பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையில் மகளின் பெயரையும் குறைபாட்டு விவரத்தையும் சேர்க்கும்படி எழுதிக் கொடுங்கள். பிற்காலத்தில் உங்கள் மகனோ மருமகளோ பழைய கோப்புகளைத் தேடி அலைவதற்கு, நீங்கள் இன்று ஒரு முறை அலைவது எவ்வளவோ மேல்.

அதே தேசிய அறக்கட்டளையின் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, புறநோயாளிச் சிகிச்சைக்கும் பயிற்சிச் செலவுக்கும்கூட, திரும்பப் பெறலாம். இதில் சேர முன்மருத்துவப் பரிசோதனை கிடையாது, கட்டணமும் சொற்பம். புதுப்பிக்கும் தேதியை மறந்துவிடுபவர்களே அதிகம், ஆகவே நாட்காட்டியில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள்.

வீட்டை அண்ணன் பெயரில் எழுதி "தங்கையைப் பார்த்துக்கொள்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவது நம் வீடுகளில் வழக்கம். அந்த அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவருக்கும் ஒரு நாள் உடல்நிலை கெடலாம், கடன் வரலாம். உயிலோடு, மகளின் நலனுக்கென்றே ஒரு தனி அறக்கட்டளைப் பத்திரம் எழுதுவது பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதற்கு முன் மகனையும் மருமகளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். மகளையும் உடன் வைத்துக்கொண்டே பேசுங்கள், ஐயா. யாரோடு இருக்கப் பிடிக்கும், எந்த அறையில் தூங்கப் பிடிக்கும் என்று அவளுக்கும் ஒரு கருத்து இருக்கும்.

கேள்வி: கொத்தனார் வேலை பார்த்த என் கணவர் சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஐந்து மாதமாகக் கட்டிலிலேயே இருக்கிறார். முதுகின் அடியில் புண் வந்துவிட்டது. எங்களுக்கு என்ன உதவி கிடைக்கும்? (ஒரு மனைவி, திருவண்ணாமலை மாவட்டம்)

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் புண்ணைப் பற்றிப் பேசிவிடுவோம். உணர்வில்லாத உடம்பில் படுக்கைப்புண் உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால் இன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். படுத்திருக்கும்போது இரவிலும் இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். புண்ணுள்ள பக்கம் அழுந்தக் கூடாது. தினமும் காலையில் வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் ஆகிய இடங்களைக் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். கைகள் நன்றாக இயங்குமானால், ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்து அவரே பார்க்கப் பழகட்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு வெளிறாமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். முடிந்தால் ஒரு முறையேனும் வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1966-ல் அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், கார் விபத்தில் தாமே இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்தவர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரைத் தாமே சுத்தமாக வெளியேற்றுவது, சமையலறைக்குள் போய் வருவது என்று அங்கே கற்றுத்தருவதெல்லாம் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கான பாடம். நீங்கள் ஒருவரே தூக்கி இறக்கிக்கொண்டிருந்தால் உங்கள் முதுகும் போய்விடும்.

இனிப் பணம். மருத்துவச் சான்றுடன் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தண்டுவடப் பாதிப்புள்ளோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்குகிறது. சக்கர நாற்காலியும் அங்கேயே கிடைக்கும். கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிடாமல் அவரை உட்காரவைத்துப் பாருங்கள்: இடுப்புக்கும் பக்கத்தகட்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடம் போதும், மெத்தை கட்டாயம் வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருந்தால் விபத்து உதவி கோரலாம். பதிவு செய்யாவிட்டாலும், வேலை நேரத்தில் நடந்த விபத்துக்கு வேலை கொடுத்தவரிடம் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ஐந்து மாதம் கடந்துவிட்டது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். கூட வேலை பார்த்தவர்கள் ஊர் மாறிப் போவதற்குள் அவர்களுடைய பெயரையும் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் தம்பிக்குக் கற்றல் குறைபாடு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான், எழுதத்தான் வராது. பொதுத் தேர்வில் ஏதாவது சலுகை உண்டா? (ஒரு வாசகி, கோவை)

உண்டு. சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு என்று தேவைக்கேற்பப் பெறலாம். மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும். தேர்வு நெருங்கும் தை மாதத்தில் ஓடுவதைவிடக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். எழுதுபவரோடு பழகுவதற்குத் தம்பிக்கு அரையாண்டுத் தேர்விலேயே வாய்ப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்தவர் எழுதும் வேகத்துக்குத் தக்கபடி நிறுத்தி நிறுத்திச் சொல்வது ஒரு தனிப் பழக்கம். முதல் நாளே கைவராது. வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநர் இதற்கு உதவுவார்.

கேள்வி: அடையாள அட்டையைக் காட்டினால் ரயிலில் சலுகை டிக்கெட் தருவார்களா? (மதுரை வாசகர்)

நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் உடன் வருபவரும் கட்டணமின்றிப் போகலாம்; ரயிலுக்கு அந்த அட்டை மட்டும் போதாது. ரயில்வேயின் படிவத்தில் அரசு மருத்துவரிடம் சான்று பெற்று விண்ணப்பித்தால் தனி அட்டை தருவார்கள். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத கை கால் பாதிப்புள்ளவர், அறிவுசார் குறைபாடுடையவர், முற்றிலும் பார்வையற்றவர் ஆகியோருக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றாம் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியிலும் 75 விழுக்காடு சலுகை. துணைக்கு வருபவருக்கும் அதே அளவு. காதும் பேச்சும் இரண்டுமே இல்லாதவர்களுக்கு 50 விழுக்காடு. பயணத்தின்போது மூல அட்டையையே கையில் வைத்திருங்கள், ஜெராக்ஸைப் பரிசோதகர் ஏற்கமாட்டார்.