கோழிக்கும் நமக்கும் இடையே 26 அமினோ அமிலங்கள்

கேள்வி: புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் மனிதரிடம் ஏறத்தாழ 20,000, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீ. எலிகன்ஸ் புழுவிடமும் கிட்டத்தட்ட அவ்வளவே என்று படித்தேன். அப்படியானால் உயிரினங்களுக்கிடையே இத்தனை வேறுபாடு எப்படி வந்தது?

பதில்: எண்ணிக்கையை வைத்து இதற்கு விடை காண முடியாது. மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. இழையில் வேண்டாத பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு, எக்ஸான் எனப்படும் துண்டுகள் ஒட்டப்படுகின்றன என்பது 1977-இல் தெரியவந்தது. எந்த எக்ஸானைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது மாறும்போது ஒரே மரபணு பல புரதங்களைத் தருகிறது. முதுகெலும்பு விலங்குகளின் உறுப்புகளை ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வுகளில், மரபணு இயங்கும் அளவில் மனிதக் கல்லீரல் எலியின் கல்லீரலை ஒத்திருந்தது. வெட்டியொட்டும் முறையிலோ, மூளை போன்ற சில திசுக்கள் நீங்கலாக, அந்தந்த விலங்கின் உறுப்புகளே தமக்குள் ஒத்திருந்தன.

இந்த வெட்டியொட்டலை நெறிப்படுத்தும் புரதமே மாறினால் விளைவு பெரிது. குழம்பில் ஒரு பிடி அரிசி குறைந்தால் அந்தக் குழம்போடு போயிற்று; அளக்கும் படியே சிறுத்துவிட்டால் அன்று அளக்கப்படும் அனைத்தும் குறையும். (குழம்பில் எதற்கு அரிசி என்று கேட்காதீர்கள், சில வீடுகளில் அரைத்துவிடுவதுண்டு.) பீ.டி.பி.பி.1 என்னும் புரதம் அப்படியொரு படி. நரம்புச் செல்லுக்குரிய எக்ஸான்கள் பலவற்றைப் பிற செல்களில் சேரவிடாமல் தடுப்பது அதன் வேலை. பாலூட்டிகளில் இதன் மரபணுவிலுள்ள ஒன்பதாம் எக்ஸான் பல வேளைகளில் விடுபடுகிறது. கோழியில் அப்படி விடுபடுவதில்லை. அந்த எக்ஸான் குறிப்பது, புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில் வெறும் 26-ஐத்தான். ஆனால் அவை இல்லாதபோது புரதத்தின் தடுப்பாற்றல் குறைவதால், நரம்புச் செல் உருவாகும் பருவத்தில் மூளைக்குரிய எக்ஸான்கள் சேர்வது எளிதாகிறது.

டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கோழிச் செல்களில் இதற்கு இணையான எக்ஸானை விடுபடச் செய்தபோது, அப்புரதத்தின் ஆளுகைக்குட்பட்ட ஏராளமான எக்ஸான்கள் பாலூட்டிகளின் போக்கிற்கு மாறின. இதனால் கோழிக்குப் பாலூட்டியின் மூளை வந்துவிடாது. சோதனை நடந்தது செல்களில்தான். மரபணுக்கள் எப்போது, எங்கே இயங்குகின்றன என்பதும் உயிரினங்களை வேறுபடுத்துகிறது.