புரண்டு படுத்தாலே சுருக்கென்கிறதே!

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம், 28 வாரம் முடிந்துவிட்டது. நடந்தாலும் மாடிப்படி ஏறினாலும் அடிவயிற்றுக்குக் கீழே, நடு எலும்பில் சுருக்கென்று குத்துகிறது. ராத்திரி புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. 'குத்துக்காலிட்டு வீடு துடைச்சா சுகப்பிரசவம் ஆகும்' என்கிறார் மாமியார். துடைத்தால் வலி கூடுகிறது. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? சிசேரியன்தானா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இந்த வலியால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 'கர்ப்பம்னா அப்படித்தான்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதும் இல்லை. ஏறக்குறைய ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு வருவது இது. இடுப்பெலும்புகள் முன்னால் ஓர் இடத்திலும், பின்னால் முதுகடியில் இரண்டு இடத்திலும் சேர்ந்து வளையமாக இருக்கின்றன. கர்ப்பத்தில் அங்குள்ள தசைநார்கள் இளகும். அப்போது ஒரு பக்கம் கூடுதலாக அசைந்தால் மற்ற மூட்டுகள் இழுபடும். அதனால்தான் ஒற்றைக்காலில் பாரம் விழும்போதும் தொடைகள் அகலும்போதும் குத்துகிறது. குத்துக்காலிட்டுத் துடைப்பது இதில் சேர்த்தி. மாமியார் நல்லது நினைத்துத்தான் சொல்கிறார். உங்கள் இடுப்புக்கு இப்போது அது ஆகாது. மாப் போதும். மேலைநாட்டுக் கழிப்பறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

புரளும்போது முழங்கால்களை மடக்கி, நடுவே தலையணை வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். தோளும் இடுப்பும் காலும் ஒரே கட்டையாகத் திரும்பட்டும். எழும்போதும் பக்கவாட்டில் ஒருக்களித்து, இரு கால்களையும் சேர்த்துக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். ஆட்டோவில் ஏறும்போது முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு கால்களைச் சேர்த்து உள்ளே எடுங்கள். படியில் ஏறும்போது வலி குறைந்த கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரு கால்களும் சேரட்டும். புடவைப் பாவாடை, பேன்ட் எதுவானாலும் உட்கார்ந்து போடுங்கள். குடத்தையோ மூத்த குழந்தையையோ ஒரு பக்க இடுப்பில் தூக்காதீர்கள்.

பிசியோதெரபிஸ்டை இப்போதே பாருங்கள், பிரசவத்துக்குப் பிறகு என்று தள்ளாதீர்கள். அவர் பெல்ட் கொடுத்தால் அதை வயிற்றின் மேல் கட்டக்கூடாது. வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றி வர வேண்டும். மேலே ஏறிவிட்டால் பயனில்லை. மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டு பாராசிட்டமால். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டையும் மருந்துக்கடையில் நீங்களாக வாங்கவே கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கும்.

காய்ச்சல், நீர்க்கடுப்பு, ரத்தக்கசிவு, நீர் ஒழுகல், வயிறு இறுகி விட்டுவிட்டு வரும் வலி, தொடை மரத்துப்போதல், குழந்தையின் அசைவு குறைதல் - இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ உடனே போங்கள்.

இந்த வலிக்காக மட்டும் சிசேரியன் தேவைப்படுவதில்லை. பிரசவத்தின்போது காலை எவ்வளவு அகட்டலாம் என்று தெரிய, நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, வலி தொடங்கும்வரை முழங்கால்களை மெல்ல விரியுங்கள். இடையே உள்ள தூரத்தை இஞ்ச் டேப்பால் அளந்து, பரிசோதனை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பிரசவ அறையில் நர்ஸம்மாவிடம் அதைக் காட்டி, 'இதுக்கு மேல காலை அகட்ட வேண்டாம், ஒருக்களிச்சுப் படுத்தே பெத்துக்கிறேன்' என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.